எண்ணாமல் ஏறிய படிகள்

கடந்த புதன்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, நகரியில் தம் வீட்டில், ஜெயவேலு அண்ணன் காலமானார். மாரடைப்பு. வயது அறுபத்தெட்டு. புத்தூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திவந்த கல்யாணப் பாத்திர வாடகைக் கடையில் இருபத்தேழு வருஷம் அவர் பாதிச் சொந்தக்காரர்.

அவர் மனைவி அமுதவல்லி அண்ணிதான் எனக்குப் போன் செய்தார்கள். "குளிச்சிட்டு வந்து துண்டக் கொடியில போட்டாரு ரத்தினம். ரெண்டு பக்கமும் சமமா இழுத்து வுட்டாரு. அப்படியே உக்காந்துட்டாரு" என்றார்கள். அரைமணி நேரத்தில் நான் அங்கே இருந்தேன். அந்தத் துண்டு கொடியில் தொங்கியது. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. மாலை போட வந்தவர்கள் எல்லாரும் அதன் அடியில் குனிந்து போனார்களே ஒழிய, ஒருத்தரும் ஒதுக்கிவிடவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களிடம் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கப் போவதாக அவருடைய ஒரே மகள் கோமதி சொன்னாள். சத்தியவேடு பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த சாமான்களைச் சோதித்து அனுப்புகிற பிரிவில் வேலை பார்க்கிறாள். "நல்லது மட்டும் எழுதாதீங்க சித்தப்பா. நடந்தத எழுதுங்க" என்றாள். நான் வியாபாரி. ஓட்டை இருந்தால் ஓட்டையைக் காட்டித்தான் பாத்திரத்தைக் கையில் கொடுப்பேன். அப்படியே எழுதுகிறேன்.

அண்ணனை அறிந்தவர்கள் அவரை நினைத்தவுடன் முதலில் சிரிப்பார்கள். கோணலாகக் கிடந்த எதையும் கடந்து போக முடியாத மனிதர் அவர். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சண்டை பல வருஷம் நடந்தது. சாமான்களை அவர் எண்ணுகிறாரா, அந்த எண்ணிக்கை அவரை ஆட்டி வைக்கிறதா என்பதுதான் சண்டை. அதில் ஜெயித்தவர் யார் என்று ஊருக்குச் சொல்லியாக வேண்டும்.

நான் அவரைச் சந்தித்தபோது சைக்கிளில் தெருத் தெருவாகப் போய், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நகரியில் விசைத்தறி ஓடுகிற தெருக்களில் எனக்கு நல்ல வியாபாரம். ஒரு நாள் அமுதவல்லி அண்ணி ஒரு மூட்டைத் துணியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவிழ்த்தால், எல்லாம் கந்தல். காலர் நைந்த சட்டை, முட்டி கிழிந்த கால்சட்டை. ஆனால் ஜவுளிக்கடைக் கண்ணாடி அலமாரியில் இருந்து எடுத்துவந்த மாதிரி ஒவ்வொன்றும் மடிப்புக் கலையாமல், ஒரே அகலத்தில் இருந்தது. பத்து வருஷத் தொழிலில் அப்படி ஒரு மூட்டையை நான் பார்த்ததில்லை. யார் மடித்தது என்று கேட்டேன். உள்ளேயிருந்து அண்ணன் வந்தார். தறிப்பட்டறையில் துணி மடிக்கிற வேலை அவருக்கு.

மூட்டைக்கு இரண்டு டம்ளர் தருவதாகப் பேச்சு. மடித்திருந்த அழகைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, நானாகவே மூன்றாவது ஒன்றை நீட்டினேன். வாங்கி விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம்பா. இது வாய் வேற. அதுங்களோட சேராது."

சும்மா கொடுத்ததை வேண்டாம் என்று சொன்ன வாடிக்கையாளர் என் ஆயுளில் அவர் ஒருவர்தான். அன்று இரவெல்லாம் யோசிக்கவில்லை; சைக்கிளைத் திருப்பும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். வாடகைப் பாத்திரத் தொழிலில் எல்லாரும் நஷ்டப்படுவது ஓர் இடத்தில்தான். போகும்போது ஒழுங்காகப் போகிற சாமான், திரும்பும்போது கலந்து, குறைந்து, நசுங்கி வரும். அதை உட்கார்ந்து பிரிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. இந்த மனிதருக்கோ அதைச் செய்யாமல் இருக்கப் பொறுமை கிடையாது.

இரண்டு மாதம் கழித்துப் புத்தூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கிடங்கு பிடித்தேன். பணம் முழுக்க என்னுடையது. அவரிடம் ஒன்றும் இல்லை. சம்பளத்துக்கு வரச்சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. "முதல் உன்னுது, முறை என்னுது. பாதி பாதின்னா வரேன்" என்றார். நான் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்ட வியாபாரம் அது ஒன்றுதான். அதில் நான் ஏமாறவில்லை.

கிடங்கை அவர் செய்து வைத்திருந்த விதத்தைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். சுவர் முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணிக்கும் கீழே அங்கே தொங்க வேண்டிய கரண்டியின் உருவம் கறுப்புப் பெயிண்டில் வரைந்திருக்கும். கரண்டியின் காம்பில் எங்கள் இருவர் பெயரின் முதல் எழுத்தும், அதன் நம்பரும் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். கரண்டி வெளியே போயிருந்தால் சுவரில் அதன் நிழல் மட்டும் நிற்கும். அண்டாக்கள் பெரிதிலிருந்து சிறிதாக. ஒவ்வொன்றுக்கும் சொந்த மூடி. ஒன்றின் மூடி இன்னொன்றில் உட்காராது. டம்ளர் அறுநூறு, வரிசைக்கு ஐம்பதாகப் பன்னிரண்டு வரிசை. நசுங்கல் இருக்கிற டம்ளர் எல்லாம் நசுங்கல் சுவரைப் பார்த்தபடி.

புத்தூர் எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன ஊர். எங்கிருந்தெல்லாமோ கையும் காலும் முறிந்து வருவார்கள். எங்கள் வேன் டிரைவர் கேசவுலு சொல்வான்: "இந்த ஊர்ல முறிஞ்சத நேராக்குவாங்க. நம்ம அண்ணன் முறியாததயும் நேராக்குவாரு."

கேசவுலுவுக்கு அண்ணன் மேல் உயிர். அவரைச் சீண்டாமலும் இருக்க மாட்டான். சாமான் இறக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, போகிற போக்கில் தெலுங்கில் "அண்ணா, ஒகட்டி தக்குவ" என்று ஒரு வார்த்தை போடுவான். ஒன்று குறைகிறது என்று அர்த்தம். எது என்று சொல்ல மாட்டான். அவ்வளவுதான், அண்ணன் முதல் கரண்டியிலிருந்து எண்ண ஆரம்பிப்பார். நாற்காலி அடுக்கில் நடுவே ஒன்றை மட்டும் திருப்பி வைத்துவிட்டு, எத்தனை நிமிஷத்தில் கண்டுபிடிப்பார் என்று டீக்குப் பந்தயம் கட்டுவோம். நானும் கட்டியிருக்கிறேன். அதிக நேரம் சொன்னவன் எப்போதும் தோற்பான்.

பஸ் கண்டக்டர்கூட விடமாட்டார். அண்ணன் தினமும் நகரியிலிருந்து வந்துபோகிறவர். மாலையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், டிக்கெட் கிழித்துக்கொண்டே, "ஏம் ஜெயவேலு, தாளம் வேசினாவா?" என்பார். பூட்டுப் போட்டாயா என்று ஒரு சாதாரண விசாரிப்பு. பாதி வழியில் அண்ணன் இறங்கி எதிர்ப் பஸ்ஸில் திரும்பிவிடுவார். அந்த டிக்கெட்டெல்லாம் சட்டைப் பையில் வரிசையாக இருக்கும்.

கோமதியின் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணமகளின் தகப்பனார் வாசலில் நின்று வரவேற்க வேண்டும். இவரோ பந்தியில் இலைகளின் நுனியெல்லாம் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டுகிற நேரம், மாப்பிள்ளையின் மாலை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மேளம் கொட்டுகிறது, எல்லாரும் அட்சதையைக் கையில் வைத்திருக்கிறோம், இவர் நடுவில் கையை விட்டு மாலையை இழுத்துச் சரிசெய்தார். வீடியோவில் தாலி கட்டியது தெரியாது. அண்ணனின் முழங்கை தெரியும்.

இதெல்லாம் சிரிக்கத்தான். இனி வருவது சிரிக்க அல்ல. அதைச் செய்தவன் நான்.

கோமதி கல்யாணத்துக்கு அடுத்த வருஷம். நாகலாபுரத்தில் சங்கரய்யா என்ற வசதியான விவசாயி வீட்டுக் கல்யாணம் முடிந்து சாமான் திரும்பியிருந்தது. கேசவுலுவும் நானும் விளையாட்டாகப் பதினேழாம் நம்பர் சாம்பார்க் கரண்டியை எடுத்து, சுருட்டி வைத்திருந்த ஜமுக்காளத்துக்குள் செருகிவிட்டோம். ஒரு மணி நேரம் தேடட்டும், டீ வாங்கித் தரட்டும், எடுத்துக் கொடுப்போம் என்று நினைப்பு. அதற்குள் ஓர் ஆர்டர் விஷயமாக ஆள் வரவே, நான் வெளியே போய்விட்டேன். கேசவுலு வண்டிக்கு டீசல் போடப் போய்விட்டான்.

நான் திரும்பி வந்தபோது அண்ணன் இல்லை. சுவரில் கரண்டியின் கறுப்பு நிழலைப் பார்த்தவர், பஸ் பிடித்து நாகலாபுரத்துக்கே போய்விட்டார்.

அங்கே நடந்ததைப் பிறகு நான்கு பேர் வாயிலாகக் கேட்டேன். கல்யாண வீட்டில் சம்பந்திகள் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். இவர் போய் ஒரு கரண்டி வரவில்லை என்றார். தேடிப் பார்த்து இல்லை என்றார்கள். இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் சரி. சமையல் கட்டுக்குள் நான் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டார். சங்கரய்யாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. சம்பந்தி முன்னால் தன் வீட்டைத் திருட்டு வீடு ஆக்கிவிட்டான் என்று கத்தி, வீட்டிலிருந்த எல்லாக் கரண்டிகளையும் கொண்டுவந்து வாசலில் கொட்டி, "இந்தா, உன்னுது எதுன்னு பொறுக்கு" என்று உட்கார வைத்துவிட்டார். கூட்டம் சுற்றி நின்று பார்த்தது. அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதைவிட மோசம், பார்த்து முடித்ததும் அந்த வீட்டுக் கரண்டிகளைச் சின்னது பெரியது என்று வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு எழுந்தாராம். கூட்டம் சிரித்திருக்கிறது.

பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார். நான் சிரித்துக்கொண்டே கரண்டியை ஆணியில் மாட்டினேன். அவர் திட்டவில்லை. கரண்டியைக் கழற்றி, குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினார். மாட்டினார். மறுபடி கழற்றிக் கழுவினார். அப்போதுதான் அவர் கைகளைச் சரியாகப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ. கூடவே இருந்து, பந்தயம் கட்டிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. நகரிக்குப் போனேன். அண்ணி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "நாலு வருஷமா இப்படித்தான். தூங்கறதில்ல, துன்றதில்ல. அடுப்ப அணச்சமா, கதவச் சாத்தினமான்னு எழுந்து எழுந்து போய்க்கினே இருக்காரு. நீங்கல்லாம் சிரிச்சிக்கினு இருந்தீங்க" என்றார்கள். அண்ணி என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். 

உள்ளே அண்ணன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எனக்குத் தெரியும் ரத்தினம். பூட்னேன்னு தெரியும். இழுத்துப் பாத்தேன்னும் தெரியும். ஆனா உள்ள ஒருத்தன் குந்திக்கினு 'நெஜமாவா?'ன்னு கேட்டுக்கினே இருக்கான். அவன் வாய மூட எனக்குத் தெரியல."

திருப்பதியில் மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். வரமாட்டேன் என்றார், கிடங்குக்கு ரேக் வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனேன். இதை நியாயம் என்று சொல்லமாட்டேன், பலித்தது என்று சொல்கிறேன். காத்திருந்த இடத்தில் மேஜைமேல் பத்திரிகைகள் கலைந்து கிடந்தன. அண்ணன் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் கதவைத் திறந்ததும் பார்த்தது அந்தக் கையைத்தான் என்று நினைக்கிறேன்.

டாக்டர் தெலுங்கில் பொறுமையாக விளக்கினார். சாமானை ஒழுங்காக வைக்கிறவருக்கு வேலை முடிந்ததும் நிம்மதி வரும். இது ஓசிடி என்கிற நோய் ஆகிவிட்டால் வேலை முடியவே முடியாது, நிம்மதியும் வராது. இரண்டுக்கும் பேர் வேறு, மருந்தும் வேறு என்றார். மாத்திரை எழுதினார். அதைவிடக் கஷ்டமான ஒரு பயிற்சியும் கொடுத்தார். பூட்டை ஒரே தரம் பூட்ட வேண்டும். இழுத்துப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பயம் வரும், நெஞ்சு அடிக்கும், வந்துவிட்டுத் தானாக இறங்கும், அதுவரை பொறுக்க வேண்டும்.

என் பக்கம் திரும்பி, உனக்கும் வேலை இருக்கிறது என்றார். "பூட்டினேனா?" என்று இவர் கேட்டால் "பூட்டினீர்கள்" என்று சொல்லித் தேற்றக் கூடாதாம். சொன்னால் பத்து நிமிஷத்தில் மறுபடி கேட்பாராம். சரி, வேறு என்ன சொல்வது என்று கேட்டேன். எதையாவது சொல், சமாதானம் மட்டும் சொல்லாதே என்றார்.

மறுநாள் மாலை அண்ணன் பூட்டினார். சாவியை எடுத்தார். பத்தடி நடந்திருப்போம். முகம் வெளுத்து, "பூட்னனா?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்? காலையில திருடனக் கேப்போம்" என்றேன்.

அப்படியே நின்றுவிட்டார். ஒரு நிமிஷம் என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நின்றபோது நாங்கள் ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தோம். அங்கேயே நின்று எனக்குக் கண்டிஷன் போட்டார். கேலியை முகத்துக்கு நேராகச் சொல்லலாம், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். சாமானில் கைவைக்கக் கூடாது. நான் ஒத்துக்கொண்டேன். கேசவுலுவையும் ஒத்துக்கொள்ள வைத்தேன். அந்த ஒப்பந்தத்தை நாங்கள் ஒருநாளும் மீறவில்லை.

உடனே சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் மாதத்தில் ஏழெட்டு முறை ஓடித் திரும்பியிருக்கிறார். ஒருநாள் அழுதார். மாத்திரை தூக்கமாக வந்தது, மாற்றினார்கள். ஆனால் மாதம் போகப்போக நாங்கள் பஸ் ஸ்டாண்டு வரை பேசிக்கொண்டே நடந்தோம். ஒருநாள் அந்தக் கண்டக்டர் வழக்கம்போல "தாளம் வேசினாவா?" என்றார். அண்ணன் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "வேசினானோ லேதோ, யாருக்குத் தெரியும். நீ இறங்கிப் போய்ப் பாத்துட்டு வா, நான் டிக்கெட் கிழிக்கறேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. அன்று அவர் இறங்கவில்லை.

அடுத்தது மலை.

கோமதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது மஞ்சள் காமாலை வந்து பிழைத்தாள். அலிபிரியிலிருந்து நடந்தே திருப்பதி மலையேறி வருகிறேன் என்று அண்ணன் வேண்டிக்கொண்டார். நான்கு முறை கிளம்பினார். நான்கு முறையும் ஏறி முடிக்கவில்லை. காரணம் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். படிகளை எண்ணிக்கொண்டு ஏறுவார். யாராவது மணி என்ன என்று கேட்டாலோ, ஒரு குழந்தை குறுக்கே ஓடினாலோ எண்ணிக்கை தவறிவிடும். தவறினால் கீழே இறங்கி முதல் படியிலிருந்து ஆரம்பிப்பார். போதாததற்கு, வேண்டுதல் உள்ள பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறுவார்களே, அதில் இடையில் ஒரு படி விட்டுப்போயிருந்தால் அதைத் தாண்ட இவருக்குக் கால் வராது. ஒருதரம் ஓர் அம்மாளிடம் மஞ்சளைக் கடன் வாங்கி, விட்டுப்போன படிகளுக்கெல்லாம் வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மேலே போய்ச் சாமி பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் இவர் அங்கேயே இருந்தாராம்.

மகளுக்காக வேண்டியதைச் செய்ய முடியவில்லை என்பதுதான் அவரை உள்ளே அரித்தது. சாமி கேட்கிறாரோ இல்லையோ, இவர் தம்மைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரைப் பார்த்து ஒரு வருஷம் கழித்து ஐந்தாம் முறை கிளம்பினார். நானும் கூட வருவதாகச் சொன்னேன். காலை ஐந்தரைக்கு அலிபிரியில் முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டோம். இரண்டாவது படியில் அவர் உதடு அசைந்தது. நான் பேச ஆரம்பித்தேன்.

ஆயுளில் அவ்வளவு பேசியதில்லை. நான் ஏமாற்றிய ஆட்களின் கதை, என்னை ஏமாற்றியவர்களின் கதை, கேசவுலு மாமியார் வீட்டுக்கு வேனை எடுத்துப்போய்ப் பள்ளத்தில் விட்டது, ஒரு கல்யாணத்தில் சமையல்காரன் பாயசத்தில் உப்பைக் கொட்டிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சர்க்கரை என்று சாதித்தது. அவர் உதடு அசையும்போதெல்லாம் ஒரு நம்பரைச் சொல்வேன். "முந்நூத்தி ஆறு. எழுபத்தி ரெண்டு. ஒம்பதாயிரம்." அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாய மூட்றா டேய்" என்பார். உடனே சிரித்தும்விடுவார். சிரித்தால் எண்ணிக்கை போய்விடும். பாதி வழிக்கு மேல் வருகிற காலி கோபுரம் வரை அப்படி வந்தோம். அங்கே எனக்கு மூச்சு முட்டிவிட்டது. வழுக்கை விழுந்த, எண்பது கிலோ உடம்புக்காரன் நான். இனி ஒரு வார்த்தை பேசமுடியாது என்று கையைக் காட்டிவிட்டேன்.

மிச்ச தூரம் என் கேலி இல்லாமல் அவர்தான் ஏற வேண்டும். பின்னாலேயே போனேன். மஞ்சள் வைக்காத படி வந்தது. நின்றார். காலைத் தூக்கினார், இறக்கினார். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.  அவர் அந்தப் படியைப் பார்த்தபடி, "இருந்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டு மிதித்து ஏறினார். படியிடம் சொன்னாரா, உள்ளே குந்தியிருந்தவனிடம் சொன்னாரா, கேட்கவில்லை. முழங்கால் முறிச்சான் ஏற்றத்தில் நான் ஊர்ந்தேன். அவர் எனக்கு முன்னால் நிமிர்ந்து போனார்.

கடைசிப் படியில் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை. குழந்தை மாதிரி சிரித்தார்.

"ரத்தினம், எத்தினி படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுடா."

நான் லட்சக்கணக்கில் வியாபாரம் செய்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குக் கிடைத்தது வேறெதிலும் கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகும் அண்ணன் அண்ணனாகத்தான் இருந்தார். கரண்டிகள் நிழலோடு பொருந்தித்தான் தொங்கின. மாத்திரையைக் கடைசி வரை குறைந்த அளவில் சாப்பிட்டார். ஆனால் வேலை முடிந்தால் முடிந்தது, கையைத் துடைத்துக்கொண்டு வந்து டீ குடிப்பார். சமீப வருஷங்களில் மண்டபத்தில் போட்டோ எடுக்க வருகிற பிள்ளைகள், நாற்காலி கோணலாக இருந்தால் "எனக்கு ஓசிடி அங்கிள், தாங்கமுடியாது" என்பார்கள். அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார். ரொம்ப அக்கறையாக, "எந்த டாக்டர்கிட்டப் பாக்கறே? மாத்திரை எவ்ளோ பவர்?" என்று கேட்பார். பிள்ளை முழிக்கும். "அப்ப உனக்கு இல்ல. நாற்காலிய நேரா போட்டுட்டு சந்தோஷமா போ" என்பார்.

பல வருஷம் கழித்து அதே நாகலாபுரம் சங்கரய்யாவிடமிருந்து போன் வந்தது. இளைய மகன் கல்யாணம். அண்ணனிடம் வாங்கக் கூச்சப்பட்டு வேறு இரண்டு கடைகளில் பாத்திரம் எடுத்திருந்தார். போதாமல் போகவே, எங்களிடமும் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அண்ணன் அனுப்பினார். கல்யாணம் முடிந்து நாங்கள் எடுக்கப் போனபோது மூன்று கடைச் சாமானும் ஒரே குவியலாகக் கிடந்தது. மற்ற இரண்டு கடைக்காரர்களும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சங்கரய்யா வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பத்து வருஷத்துக்கு முன் அண்ணனை உட்கார வைத்த அதே வாசல்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். புள்ளி எழுத்தைக்கூடப் பார்க்கவில்லை. விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு தடவு. இது உன்னுது, இது அவனுது, இது நம்முது. இரண்டு மணி நேரத்தில் மூன்று குவியல். மற்ற இருவரும் எண்ணிப் பார்த்துத் தங்கள் சாமானை வண்டியில் ஏற்றினார்கள். அன்று சுற்றி நின்ற கூட்டம் சிரிக்கவில்லை. சங்கரய்யா எழுந்து வந்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, அன்னிக்குத் தப்பாப் பேசிட்டேன் என்றார். அண்ணன் என்னைக் காட்டி, "தப்பு இவன் பேர்ல. கரண்டி ஜமுக்காளத்துல இருந்துச்சு" என்றார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்த வெற்றி அதுவல்ல. கிளம்பும்போது கேசவுலு தயங்கித் தயங்கி, டம்ளர் ஒன்று குறைகிறது என்றான். விளையாட்டில்லை, நிஜமாகவே குறைந்தது. நாங்கள் இரண்டு பேரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் வீட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு வேனில் ஏறி உட்கார்ந்து, "போவட்டும். வண்டிய எடு" என்றார்.

அறுநூறில் அந்த ஒன்று இன்றுவரை இல்லை. புதிது வாங்கி வைக்கவும் அவர் விடவில்லை. பன்னிரண்டாம் வரிசையில் கடைசி இடம் காலி. தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலை ஆரம்பிப்பார்.

சுடுகாட்டில் கோமதிதான் கொள்ளி வைத்தாள். அவள் பிடித்த பிடியில் ஒருத்தரும் மறுப்புச் சொல்லவில்லை. வைத்து முடித்ததும் அங்கே இருந்த வெட்டியான், "திரும்பிப் பாக்காம நடம்மா" என்றார். எல்லாருக்கும் சொல்வதுதான். எனக்கு டாக்டரின் குரல் கேட்டது. கோமதி பத்தடி நடந்தாள். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய், "உங்கப்பன் திரும்பாம நடந்தவரு" என்றேன். அவள் திரும்பவில்லை. அண்ணா, நீங்களும் திரும்பவேண்டாம். பூட்டியாயிற்று. சரியாகப் பூட்டினோமா என்று கேட்டால் சொல்லமாட்டேன்.

நேற்றுக் கோமதி புத்தூர்க் கிடங்குக்கு வந்தாள். அண்ணன் பாதியை என்ன செய்வது என்று பேச வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து ஒருவர் மொத்தமாக விலை கேட்டிருக்கிறார், நல்ல விலை, ஒளிக்காமல் சொன்னேன். அவள் வரிசைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். பன்னிரண்டாம் வரிசையில் நின்று, மேஜைமேல் இருந்த என் டீ டம்ளரை எடுத்துக் காலி இடத்தில் வைக்கப் போனாள். அண்ணன் கையே தான். நான் தடுத்து, நாகலாபுரத்துக் கதையைச் சொன்னேன். டம்ளரை மேஜையிலேயே திருப்பி வைத்தாள்.

"விக்க வேணாம் சித்தப்பா. வாரத்துல ரெண்டு நாள் வரேன். கண்டிஷன் பேசுவோம்" என்றாள்.

பேசினோம். முதல் என்னுடையது, முறை அவளுடையது, பாதி பாதி. கேலியை முகத்துக்கு நேராகச் சொல்லலாம், சாமானில் கைவைக்கக் கூடாது. மாலையில் பூட்டு ஒரே தரம். டம்ளர் வாடகை நாளுக்கு ஒன்றுக்கு ஒரு ரூபாய், முழு செட்டுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அறுநூறாக்கிக் கேட்கக் கூடாது.